அலுவலக ஸ்பானிஷ்: பி2 முடித்த பிறகு என்ன செய்வது?

பி2 (ஐரோப்பிய மொழித் தர அளவின் ஆறு நிலைகளில் நான்காவது) தேர்வில் தேறிய மூன்றாவது வாரம், சரக்கு அனுப்புகிற நிறுவனம் ஒன்றுக்கு என் முதல் ஸ்பானிஷ் மடலை அனுப்பினேன். 'எப்படியும் கடைசியில் பணம் அனுப்பிவிடுவோம்' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஈவென்ச்சுவலி' இருக்கிறதே என்று அதே சாயலில் 'எவெந்துவால்மெந்தே' என்று போட்டுவிட்டேன். ஸ்பானிஷில் அதற்கு 'ஒருவேளை', 'அப்படி நேர்ந்தால்' என்று பொருள். அவர்கள் படித்தது, 'பணம் அனுப்பினாலும் அனுப்புவோம்' என்று. அரை மணி நேரத்தில் என் மேலாளருக்குப் போன் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பத்து மாதம் தட்டுத் தடுமாறிக் கற்றேன். அதில் பாதி வீண். அந்தப் பாதியை நீங்கள் தவிர்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அடிப்படை ஸ்பானிஷ் தெரிந்து, வேலைக்காக அடுத்த படி ஏறப் பார்க்கிறவர்களுக்கானது இது. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஓராண்டு கழித்து வாருங்கள்.

1. உங்கள் நிலையை ஒரு வாக்கியத்தில் சோதியுங்கள்

'கண்டெய்னர் வந்ததும் உங்களுக்குத் தெரிவிக்கிறோம்.' இதை யோசிக்காமல் ஸ்பானிஷில் சொல்லுங்கள். 'குவாந்தோ யேகே எல் கொந்தெனெதோர், லெ அபிசாரெமோஸ்' என்று வந்தால் நீங்கள் தயார். 'யேகே' வர வேண்டிய இடத்தில் 'யேகா' வந்தால், உங்களிடம் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் சப்ஹுந்திவோ வினைவடிவங்களை இன்னும் இரண்டு மாதம் உட்கார்ந்து படியுங்கள். வணிக மடல்களில் பாதி வாக்கியங்கள் இன்னும் நடக்காததைப் பற்றியவை: பணம் வந்ததும், ஒப்புதல் கிடைக்கும்வரை, சரக்கு சேரும் முன். அங்கெல்லாம் இந்த வடிவம் இல்லாமல் ஓட்ட முடியாது.

தமிழர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 'நாளைக்குக் கண்டெய்னர் வந்ததும்' என்கிறோம். கண்டெய்னர் இன்னும் வரவில்லை, ஆனால் வினை 'வந்த' என்று இறந்தகால உருவில் நிற்கிறது. வினையின் உருவம் ஒன்று, காலம் வேறொன்று என்பது நமக்குப் பழக்கம்தான். இலக்கணப் புத்தகத்தின் ஆங்கில விளக்கத்தைப் படித்தபோது எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். தமிழ் வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்த்த நாளில்தான் விளங்கியது.

எவ்வளவு நாள் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற, தொடக்கத்திலிருந்து சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது முழுநேர வகுப்பில் உட்காருகிறவர்களின் கணக்கு. வேலை பார்த்துக்கொண்டே தினம் ஒரு மணி நேரம் கொடுத்தால், பி2 நிலையிலிருந்து அலுவலகத்தில் தயங்காமல் பேச எனக்குப் பத்து மாதம் ஆனது. '90 நாளில் சரளம்' என்று யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்த நாடு என்று முடிவு செய்யுங்கள்

நான் இதைத் தள்ளிப்போட்டுக் கெட்டேன். பாடம் ஸ்பெயின் நாட்டுப் புத்தகத்தில், கேட்டது மெக்சிகோ ஒலிப்பதிவு, மடல் போனது அர்ஜென்டினாவுக்கு. மூன்றும் கலந்த என் மொழி எங்கேயும் ஒட்டவில்லை.

ஸ்பெயினில் அலுவலகத்தில் சீக்கிரமே 'து'வுக்கு, அதாவது 'நீ'க்கு, இறங்கிவிடுவார்கள். கொலம்பியாவின் தலைநகர் பக்கம் நண்பர்களுக்குள்ளேயே 'உஸ்தெத்', நம் 'நீங்கள்', புழங்கும். அர்ஜென்டினாவில் 'து' கிடையாது, அந்த இடத்தில் 'போஸ்'. பலரைச் சேர்த்து அழைக்க ஸ்பெயினில் 'பொசோத்ரோஸ்' உண்டு, லத்தீன் அமெரிக்கா முழுவதும் 'உஸ்தேதெஸ்' மட்டும்தான்.

தாள்களின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். விலைப்புள்ளிக்கு ஸ்பெயினில் 'ப்ரெசுபுவெஸ்தோ', லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் 'கோதிசாசியோன்'. சரக்கோடு வரும் டெலிவரி சீட்டு ஸ்பெயினில் 'அல்பரான்', அர்ஜென்டினாவில் 'ரெமிதோ', சிலியில் 'கியா தெ தெஸ்பாச்சோ'. மதிப்புக்கூட்டு வரி பெரும்பாலான நாடுகளில் 'இவா', பெருவில் 'இஹெவே'. வரி எண் கேட்கும்போதும் அப்படியே: ஸ்பெயினில் 'நிஃப்', மெக்சிகோவில் 'எரெ எஃபெ செ', அர்ஜென்டினாவில் 'குயித்', கொலம்பியாவில் 'நித்', சிலியில் 'ருத்', பெருவில் 'ரூக்'. பில்லில் இந்த எண் தவறினால் பில்லே திரும்பி வரும். ஆகவே முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இவைதான், கவிதை அல்ல.

ஓர் எச்சரிக்கை. 'எடுத்துக்கொள்' என்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகப் புழங்கும் 'கொஹேர்' என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அச்சேற்ற முடியாத பொருள் தரும். 'தொமார்' என்று பழகுங்கள், எங்கும் வம்பில்லை.

யாருடன் உங்களுக்கு அதிக மடல் போக்குவரத்தோ அந்த நாடுதான் உங்கள் நாடு. வேலையே இன்னும் கிடைக்கவில்லையா? மெக்சிகோவை எடுங்கள். ஸ்பானிஷ் பேசுவோர் மிக அதிகமாக உள்ள நாடு அது, கேட்கவும் படிக்கவும் பஞ்சமே இருக்காது.

3. பாடப்புத்தகத்தை வாங்கும் முன் தாள்களைச் சேருங்கள்

ஒரு கோப்பு தொடங்கி இவற்றைப் போடுங்கள்: ஒரு விலைப்புள்ளி, ஒரு கொள்முதல் ஆணை, இரண்டு பில், பணம் கேட்டு வந்த நினைவூட்டல், ஒரு புகார் மடலும் அதற்குப் போன பதிலும், ஒரு கூட்டக் குறிப்பு, ஒரு ஒப்பந்தம், பத்துப் பதினைந்து சாதாரண மடல்கள். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியவையாக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்து முன்னவர் எழுதி வைத்துப் போனவை வேண்டாம். நான் அதைப் பார்த்துத்தான் அவருடைய பிழைகளையும் சேர்த்துக் கற்றேன்.

வெளியே யாரிடமும் காட்டும் முன் பெயர், தொகை, கணக்கு எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அலுவலகத் தாளை ஆசிரியருக்கு அனுப்பலாமா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வைப்பது இன்னும் நல்லது.

கையில் தாளே இல்லாதவர்கள், பெரிய நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயினின் இண்டிடெக்ஸ், மெக்சிகோவின் செமெக்ஸ் போன்றவற்றின் அறிக்கைகள் இணையத்தில் இலவசம். அரசு ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் 'ப்லியேகோ' என்ற பெயரில் பொதுவில் கிடைக்கும். சலிப்பூட்டும், ஆனால் ஒப்பந்த மொழிக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. தினமும் ஒரு பக்கம் வணிகச் செய்தி படிக்க ஸ்பெயினுக்கு எக்ஸ்பான்சியோன், மெக்சிகோவுக்கு எல் எகொனொமிஸ்தா, கொலம்பியாவுக்குப் போர்தாஃபோலியோ.

இந்தத் தாள்களிலிருந்து சொற்களைத் தனித்தனியாகப் பொறுக்காதீர்கள். எந்த வினையோடு எந்தப் பெயர்ச்சொல் சேர்கிறது என்று ஜோடியாக எழுதுங்கள். நாம் 'முடிவு எடுக்கிறோம்', 'தீர்மானம் போடுகிறோம்'. மாற்றிச் சொன்னால் வெளியாள் என்று தெரிந்துவிடும். அங்கும் அப்படித்தான். பில்லை 'எமிதிர்' செய்வார்கள், கடனை 'சால்தார்' செய்வார்கள், தவணை தவறினால் 'இன்குர்ரீர் என் மோரா'. கூட்டக் குறிப்பு எழுதுவது 'லெவாந்தார் ஆக்தா'. ஒப்பந்தத்தை 'செலெப்ரார்' செய்வார்கள், அதற்குக் கொண்டாட்டம் என்று பொருளல்ல, செய்துகொள்வது என்றுதான். இப்படி 150 ஜோடி சேர்ந்தால் உங்கள் மடல்களின் சாயலே மாறிவிடும்.

4. மடல் எழுதுவது

நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான்.

*விளிப்பு.* 'எஸ்திமாதோ சென்யோர் கார்சியா' என்று எழுதிய பிறகு காற்புள்ளி இல்லை, முக்காற்புள்ளி. ஆங்கிலப் பழக்கத்தில் எல்லோரும் காற்புள்ளி போடுகிறோம். முதல் வரியிலேயே வெளியாள் முத்திரை.

*குடும்பப் பெயர்.* பெரும்பாலோருக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். 'கார்சியா லோபெஸ்' என்றால் அவர் சென்யோர் கார்சியா, முதலில் வருவதே விளிக்கும் பெயர். கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவரை நான்கு மாதம் அவருடைய தாய்வழிப் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. 'தோன்', 'தோன்யா' போட்டால் பின்னால் வருவது சொந்தப் பெயர்தான். மெக்சிகோவில் 'லிசென்சியாதோ', 'இன்ஹெனியேரோ' என்று படிப்பைச் சேர்த்து அழைப்பது மரியாதை. கையொப்பத்தில் அப்படி இருந்தால் நீங்களும் அப்படியே அழையுங்கள்.

*நீங்களா, நீயா.* மரியாதை வேறுபாடு நம் மொழியில் ஊறியது, அதனால் எங்கே 'உஸ்தெத்' வேண்டும் என்று நமக்குத் தானாகவே தெரியும். வினையில்தான் சறுக்குவோம். நம் 'நீங்கள்' முன்னிலைப் பன்மையோடு போகும். 'உஸ்தெத்' படர்க்கை ஒருமையோடு போகும், 'அவர்' என்பதற்குரிய வினையோடு. முதல் பத்தியில் 'லெ' (உங்களுக்கு) என்று தொடங்கி மூன்றாம் பத்தியில் 'தெ' (உனக்கு) என்று எழுதிவிடுவது மிகப் பொதுவான பிழை. அனுப்பும் முன் 'தெ', 'து' என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் 'து'வுக்கு இறங்கினால் அடுத்த மடலில் நீங்களும் இறங்கலாம். முந்திக்கொள்ள வேண்டாம்.

*வேண்டுகோள்.* 'அனுப்புங்கள்' என்ற ஏவல் அங்கே நாம் நினைப்பதைவிடக் கடுமையாக விழும். 'லெ அக்ராதெசெரீயா கே மெ எம்பியாரா' என்பது வழக்கு: அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். முதல் வினை நிபந்தனை வடிவம், இரண்டாவது சப்ஹுந்திவோவின் இறந்தகாலம். இதுவும் நமக்கு அந்நியமல்ல, 'அனுப்பினால் நன்றாக இருக்கும்' என்பதன் அண்ணன் தம்பிதான். 'கெரீயா ப்ரெகுந்தார்லே' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கேட்க விரும்பினேன்'. ஆனால் அது நம் 'கேட்கலாம் என்றிருந்தேன்' அல்லாமல் வேறென்ன?

*முடிப்பு.* 'கேதோ அ லா எஸ்பேரா தெ சு ரெஸ்புவெஸ்தா', பிறகு 'உன் கோர்தியால் சலூதோ'. இது எங்கும் செல்லும். பழைய கையேடுகளில் 'போர் மேதியோ தெ லா ப்ரெசெந்தே' என்று தொடங்கும் மாதிரிகள் இருக்கும். நம் 'இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' போல, அலுவல் கடிதத்துக்குச் சரி, தினசரி மடலுக்கு முறுக்கு அதிகம்.

வாரத்துக்கு மூன்று மடல் எழுதுங்கள், ஒவ்வொன்றும் 120 சொல்லுக்குள். பணம் கேட்பது, தாமதத்துக்கு வருந்துவது, விலை குறைக்கக் கேட்பது, மறுப்பது. மறுப்பதுதான் கடினம், அதை அதிகம் பழகுங்கள்.

5. நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் ஸ்பானிஷ் சொல்லுக்கு எதிரே தமிழில் பொருள் எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டாம்.

காரணம், இரண்டு மொழியிலும் ஒரே முகத்தோடு திரியும் சொற்கள். 'அக்துவால்மெந்தே' என்றால் தற்போது, 'உண்மையில்' அல்ல. 'திஸ்குதிர்' பெரும்பாலும் வாக்குவாதம் செய்வது. விலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்ல நினைத்து அதைப் போட்டால் சண்டைக்கு அழைப்பதுபோல் இருக்கும், 'ஆப்லார்' அல்லது 'த்ராதார்' போதும். 'கொம்ப்ரொமீசோ' கொடுத்த வாக்கு, கடப்பாடு. விட்டுக்கொடுத்து எட்டும் உடன்பாடு அல்ல. பேச்சுவார்த்தையில் இதை மாற்றிப் போட்டால் நீங்கள் ஏற்காத பொறுப்பு உங்கள் தலையில் வந்து நிற்கும். 'அசிஸ்தீர்' கலந்துகொள்வது, 'அதெந்தேர்' கவனித்துக்கொள்வது. 'சொபொர்தார்' பொறுத்துக்கொள்வது, ஆகவே 'உங்களை சொபொர்தார் செய்கிறோம்' என்றால் உதவி செய்கிறோம் என்று ஆகாது, சகித்துக்கொள்கிறோம் என்று ஆகும். வேலைக்கு விண்ணப்பிப்பது 'சொலிசிதார்'.

இன்னொரு லாபமும் உண்டு. 'மெ குஸ்தா' என்ற அமைப்பில் ஆங்கில வழியாகக் கற்பவர்கள் மாதக்கணக்கில் முட்டிக்கொள்வார்கள். நமக்கோ 'எனக்குப் பிடிக்கும்', அதே எலும்புக்கூடு. 'மெ பரேசே' எனக்குத் தோன்றுகிறது, 'நோஸ் ஃபால்தா உன் தொகுமெந்தோ' எங்களுக்கு ஒரு ஆவணம் குறைகிறது. நான்காம் வேற்றுமையைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவது வீண் அலைச்சல்.

அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் மட்டும் நம்மிடம் இல்லை. பெயர்ச்சொல்லை எப்போதும் 'எல்', 'லா' சேர்த்தே எழுதுங்கள், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

6. எண்கள், இங்கேதான் பணம் போகும்

'உன் பில்யோன்' என்பது ஆங்கில பில்லியன் அல்ல. அது 1-க்குப் பின் 12 சுழி, நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. ஆங்கில பில்லியன், அதாவது 100 கோடி, ஸ்பானிஷில் 'மில் மில்யோனெஸ்'. ஆயிரம் மடங்கு வித்தியாசம். நிதியறிக்கை மொழிபெயர்க்கிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஸ்பெயின், அர்ஜென்டினா, கொலம்பியா, சிலி ஆகியவற்றில் ஆயிரத்தைப் புள்ளியாலும் பின்னத்தைக் காற்புள்ளியாலும் பிரிப்பது வழக்கம்: 1.500,75. மெக்சிகோவிலும் பெருவிலும் அதன் தலைகீழ்: 1,500.75. வெறும் 1.500 என்று ஒரு தாளில் இருந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்காமல் படிக்காதீர்கள். தேதி நாள், மாதம், ஆண்டு என்றே வரும்.

காதில் விழும்போது 60-உம் 70-உம்தான் வில்லன்கள்: 'செசெந்தா', 'செதெந்தா'. ஓர் எழுத்துதான் வேறு. தொகையை எப்போதும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள், கூச்சப்படாதீர்கள். 500, 700, 900 மூன்றும் ஒழுங்கு மீறியவை: 'கினியெந்தோஸ்', 'செதெசியெந்தோஸ்', 'நொபெசியெந்தோஸ்'.

7. போன்

எடுத்ததும் வரும் சொல்லே நாட்டைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பெயினில் 'தீகா', மெக்சிகோவில் 'புவேனோ', கொலம்பியாவிலும் பெருவிலும் 'அலோ'. 'தெ பார்தெ தெ கியென்?' என்றால் 'யார் பேசுகிறீர்கள்?'. மெக்சிகோவில் 'அஓரீதா' என்றால் இப்போதே என்று நம்பிவிடாதீர்கள், மாலையும் ஆகலாம். மணி எத்தனைக்குள் என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகுங்கள். 'ப', 'வ' ஒலி அங்கே ஒன்றுதான் என்பதால் எந்த எழுத்து என்று பிரித்துச் சொல்வார்கள்: ஸ்பெயினில் 'பே', 'ஊபே'; லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் 'பே லார்கா', 'பே கோர்தா'.

8. ஆசிரியரும் செலவும்

செலவு நான்கு வகையில் வரும்: ஆசிரியர், புத்தகம், தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு. புத்தகத்துக்கு அதிகம் போடாதீர்கள். அகராதிக்கு ஸ்பெயின் மொழிக் கழகமான ஆர்ஏஇ-யின் தளமும், வழக்குச் சந்தேகங்களுக்கு ஃபுந்தேயு என்ற தளமும் இலவசம்.

என் பெரிய வீண்செலவு, 12 பேர் உட்காரும் 'வணிக ஸ்பானிஷ்' குழு வகுப்பு. ஒரு மணி நேரத்தில் என் வாய் திறந்தது நான்கு நிமிடம். அதே பணத்தில் தனி ஆசிரியரிடம் வாரம் ஒரு மணி நேரமும், அதற்கு முன்பே மூன்று மடல்களைத் திருத்தித் தருவதும் கிடைத்திருக்கும். சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாட்டவர்? மடலை வகுப்புக்கு வெளியே திருத்துவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? அலுவலகத்தில் வேலை பார்த்ததுண்டா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் இலக்கணம் நன்றாக வரும், ஆனால் பில் தகராறை எப்படிப் பேசித் தீர்ப்பது என்று அவருக்கும் தெரியாது. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். நான்கு வகுப்புக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவிகளை எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலிருந்து மாற்றினால் 'நீ'யும் 'நீங்க'ளும் அவற்றுக்கு அடிக்கடி கலங்கிவிடும்.

9. சான்றிதழ் தேவையென்றால்

யார் கேட்கிறார்கள், எந்தத் தேர்வு, எந்த நிலை, எத்தனை ஆண்டு பழையதுவரை ஏற்பார்கள் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் இந்தப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுங்கள்.

தெலே: ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் தரும் சான்றிதழ். ஆயுளுக்கும் செல்லும். எந்த நிலை என்று முன்பே தேர்ந்து எழுத வேண்டும், தேறினால் 'அப்தோ', இல்லையென்றால் 'நோ அப்தோ'. பி2-வில் படித்தல் 70 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 80, பேச்சு 20, பேச்சுக்கு முன் தயாரிக்க 20. படித்தலும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொன்று. ஒவ்வொன்றும் 50 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 30 வேண்டும். ஒன்றில் 45 வாங்கி மற்றதில் 29 என்றால் தோல்விதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். சி1-இல் ஓர் உரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து அதிலிருந்து எழுத வேண்டிய பகுதி உண்டு. கூட்டக் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு அது கைவந்த வேலை.

எல்லா நிலைகளும் எல்லாத் தேதிகளிலும் நடப்பதில்லை. பதிவும் தேர்வுக்குப் பல வாரம் முன்பே மூடிவிடும். முடிவு வர மாதங்கள் ஆகலாம். ஆகவே விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

சியெலே: செர்வாந்தெஸோடு மெக்சிகோவின் உனாம், ஸ்பெயினின் சலமாங்கா, அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் தேர்வு. கணினியில் எழுதுவது. ஏ1 முதல் சி1 வரை, 1000 மதிப்பெண்ணுக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். தோல்வி என்பதே இல்லை. முடிவு மூன்று வாரத்தில் வந்துவிடும், ஆனால் ஐந்தாண்டுதான் செல்லும். வேலைக்கு அவசரமாகக் காட்ட இதுவே வசதி.

இரண்டுக்கும் முக்கிய ஆவணம் ஒன்றுதான்: படம் ஒட்டிய, காலாவதியாகாத அடையாளச் சான்று, பெரும்பாலும் பாஸ்போர்ட். தேர்வு நாளன்று அசலைக் கொண்டுபோக வேண்டும், நகல் செல்லாது. பதிவுச் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் ஆட்களுக்கென்றே உள்ள ஒரு கண்ணி. படிவத்தில் 'நோம்ப்ரே' என்றும் 'அபெயீதோஸ்' என்றும் இரண்டு கட்டம் இருக்கும், சொந்தப் பெயர் ஒன்றில், குடும்பப் பெயர் மற்றதில். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். நான் இன்ஷியலை விரிக்காமல் போட்டேன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. அதைச் சரிசெய்ய எட்டு மடல் எழுத வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், பணம் கட்டும் முன் தேர்வு மையத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அந்த மடலை ஸ்பானிஷிலேயே எழுதிப் பாருங்களேன், முக்காற்புள்ளியை மறக்காமல்.